மேல்கட்டை மக்குவதற்குள்

நீண்டு வந்தது நொட்டாங்கை. நான் டம்ளரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

எங்கள் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் வயதுதான் இருக்கும். பஞ்சுத் தலை, ஆண்பிள்ளைச் சட்டை, முழங்கால் வரை சேறு. நீட்டிய இடது கையை அவள் மடக்கவில்லை. நானும் டம்ளரை நீட்டவில்லை. எங்கள் செடிக் கொட்டையை நாங்களே வறுத்து இடித்து, வெல்லம் போட்ட காப்பி. இரண்டு பேருக்கும் நடுவில் அது பாட்டுக்கு ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அவளை ஏற்காட்டிலிருந்து ஜீப்பில் கூட்டி வந்த சேகர்தான் நடுவில் புகுந்தான்.

"பெரீம்மா, கோவிச்சுக்காதீங்க. அவங்க ஊர்ல எந்தக் கையில வாங்குனாலும் காப்பி காப்பிதானுங்க."

"எங்க ஊட்ல அப்படி இல்ல கண்ணு. சோத்துக் கையை நீட்டச் சொல்லு."

அவன் என்னவோ இங்கிலீஷில் சொன்னான். அந்தம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. இடது கையைத் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு வலது கையை நீட்டினாள். கொடுத்தேன். வாங்கினவள் அடுத்த வாய்க்குள் டம்ளரை இடது கைக்கு மாற்றிவிட்டாள். வந்த விருந்தாளியாயிற்றே என்று கண்டும் காணாமல் இருந்தேன்.

நொட்டாங்கையைக் குறை சொல்ல எங்கள் வீட்டுக்கு என்ன யோக்கியதை என்று, எங்களைத் தெரிந்தவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் என் கல்யாணக் கூட்டத்தை ஏற்றி வந்த லாரி மலைப்பாதையில் படுத்துக்கொண்டதைப் பாதியில் விட்டேன். அது அங்கேயே நிற்கட்டும். எங்கும் ஓடிவிடாது.

குடித்துவிட்டு நடக்கும் வேலி

எங்கள் காடு மஞ்சக்குட்டை போகிற ரோட்டை ஒட்டி இருக்கிறது. காடு என்றால் எங்கள் பக்கத்தில் விவசாய நிலம். ராகியும் சாமையும் விளைந்த இடம், இப்போது காப்பியும் மிளகும். அதைச் சுற்றி ஒரு வேலி. அந்த மாதிரி வேலி இந்த மலையில் வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

கால் நடவில்லை. குழி தோண்டவில்லை. ஆணி இல்லை, கம்பி இல்லை. மரத்தை நெட்டுவாக்கில் பிளந்து, ஒரு கட்டையின் முனைமேல் அடுத்த கட்டையின் முனை வருகிற மாதிரி, விரல்களைக் கோத்தது போல அடுக்கிக்கொண்டே போக வேண்டும். நேர்கோட்டில் அடுக்கினால் சரிந்துவிடும். அதனால் இந்தப் பக்கம் ஒரு கோணல், அந்தப் பக்கம் ஒரு கோணல். மேட்டில் நின்று பார்த்தால் மலைப்பாம்பு ஊர்கிற மாதிரி தெரியும். எங்கள் நிலத்தில் ஒரு சாண் தோண்டினால் பாறை. கால் நட முடியாத பூமிக்கு இதைவிட நல்ல வேலி கிடையாது என்பது என் கட்சி.

ஊரின் கட்சி வேறு. பக்கத்துத் தோட்டத்துப் பாப்பாத்தி ரோட்டில் போகும்போதெல்லாம் நின்று கேட்பாள்.

"ஏனுங்க ராமாயக்கா, உங்க ஊட்டு வேலி நேத்தும் குடிச்சுட்டா வந்துச்சு?"

"ஆமா அம்மிணி. உங்க ஊட்டுக்காரர்தான் வாங்கிக் குடுத்தாருன்னு சொல்லுச்சு" என்பேன். அவளும் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். அடுத்த வாரம் மறுபடி கேட்பாள்.

கோணலைக்கூட ஊர் பொறுத்துக்கொண்டது. கை விஷயத்தைத்தான் பொறுக்கவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் ரோட்டோர மூலையில், எல்லாவற்றுக்கும் மேலே கிடக்கிற ஒரு கட்டையை எடுத்துவிட்டுப் புதுக் கட்டை வைப்போம். சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்து, வீட்டு ஆண்பிள்ளை அதைத் தூக்கி வைக்க வேண்டும். இடது கையால். வலது கை முதுகுக்குப் பின்னால் போய்விட வேண்டும்.

எனக்குக் கல்யாணமான முதல் பொங்கலுக்கு என் அப்பா சீர் கொண்டு வந்தார். எரிகிற சூடத்துக்கு முன்னால் சம்பந்தி நொட்டாங்கையை நீட்டியதைப் பார்த்தார். சாப்பிட்டார், வெற்றிலை போட்டார், கிளம்பினார். மலை தாண்டி எங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அம்மாவிடம், "புள்ளைய பீச்சாங்கைக்காரங்க ஊட்ல தள்ளிட்டோமேடி" என்று தலையில் கை வைத்தாராம்.

என் வீட்டுக்காரர் வலது கைக்காரர். வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் இடது கையால் மல்லுக்கட்டுவார். கட்டை ஆடும், சறுக்கும், காலில் விழும். அவருடைய இடது கால் பெருவிரலில் நகம் ஒழுங்காக முளைத்து நான் பார்த்ததே இல்லை.

குதிரை இல்லாத துரை

இதெல்லாம் எதற்கு என்று மாமனாரிடம் கேட்டேன். புது மருமகள் கேட்கக்கூடாதுதான். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

அவர் சொன்னது இது. அவருடைய தாத்தா காலத்தில் காப்பி இலையில் மஞ்சள் மஞ்சளாகப் பொடி கொட்டி ஒரு நோய் வந்தது. எஸ்டேட் எஸ்டேட்டாகச் செடி காய்ந்தது. துரைமார் பலர் மூட்டை கட்டினார்கள். அதில் ஒருத்தருக்கு மட்டும் மூட்டை கட்டவும் வழி இல்லை. மற்ற துரைமார் குதிரையில் வருவார்கள். இவருக்குக் குதிரை கிடையாது, பங்களாவும் கிடையாது. அமெரிக்கா தேசத்திலிருந்து வந்தவர், அங்கே ஏர் ஓட்டின ஆள். இங்கே எஸ்டேட்டில் மரம் வெட்டுகிறவர்களுக்கு மேற்பார்வை. இங்கிலீஷ்கார துரைமார் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிடமாட்டார்களாம்.

காய்ச்சலில் விழுந்து எங்கள் காட்டு வழியில் கிடந்தவரை மாமனாரின் தாத்தா தூக்கி வந்து, சாமைக் கஞ்சி ஊற்றிப் பிழைக்க வைத்தார். அப்போது காட்டுப்பன்றியும் காட்டெருமையும் ராகியைக் கதிரோடு தின்றுகொண்டிருந்த சமயம். எழுந்து நிற்க முடிந்ததும் துரை கேட்டது ஒரு கோடாலியும் ஒரு ஆப்பும். மரத்தைப் பிளந்தார், வேலி அடுக்கினார். தாத்தாவும் கூடவே அடுக்கிப் பழகிக்கொண்டார்.

வேலி முடிந்த அன்று, கடைசிக் கட்டையை ரோட்டோர மூலையில் இடது கையால் தூக்கி வைத்தார். தனக்குத் தெரிந்த அரைத் தமிழில், "இந்தக் கட்டை மக்குறதுக்குள்ள வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு அடிவாரத்துக்கு இறங்கினார்.

வரவில்லை.

எங்கள் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? கட்டையை மக்கவே விடவில்லை. மக்குவதற்கு முன்னாலேயே மாற்றிவிடுவார்கள். கட்டை மக்கினால்தானே அந்த மனுசன் சொன்னது பொய்யாகும்? எப்போது வந்தாலும் அவர் சொன்ன நேரத்துக்கு வந்தவராகவே இருக்கட்டும் என்று ஒரு நினைப்பு. அவர் எப்படி வைத்தாரோ அப்படியே வைக்க வேண்டும் என்று இன்னொரு நினைப்பு. அதனால் அந்தக் கை.

"இத்தன வருசம் ஒரு மனுசன் உசுரோட இருப்பாருங்களா மாமா?" என்று கேட்டேன்.

"அது அவரு பாடு கண்ணு. கட்டை நம்ம பாடு" என்றார்.

அன்றிலிருந்து யார் கேலி செய்தாலும் எனக்கு உறைத்ததில்லை. வேறு எந்த வீட்டில் இப்படி ஒரு வேலை நடக்கிறது, சொல்லுங்கள்.

வந்து இறங்கிய கல்லுக்கால்

என் மகன் கோவிந்தனுக்குத்தான் உறைத்தது. அவன் நல்ல பிள்ளை. ஆனால் காட்டைப் பார்க்கும்போது செடிக் கணக்குத்தான் அவனுக்குத் தெரியும்.

"அம்மா, கோணலுக்குக் கோணல் எவ்வளவு எடம் சும்மா போவுது பாரு. பாறையத் தொளைக்க இப்பத்தான் மிஷின் வந்துடுச்சே. கல்லுக்கால் நட்டு முள்ளுக்கம்பி இழுத்தா இந்த எடத்துலெல்லாம் மொளகு வெக்கலாம்."

அவன் சொன்னதில் தப்பு இல்லை. அதனால் நான் வாதம் செய்யமாட்டேன். ஒரே பதில்தான் சொல்வேன்.

"தொரை வரட்டும் சாமி. வந்தன்னிக்கே பிரிச்சுக்க."

இதைவிடத் தோதான பதில் கிடையாது என்று எனக்கே என்மேல் பெருமை. வராத மனுசனை வேலிக்குக் காவல் போட்டிருந்தேன்.

ஆனால் மழை விட்ட ஒரு மாதத்தில் அவன் கேட்காமலே செய்துவிட்டான். லாரி வந்து கல்லுக்கால்களையும் கம்பிச் சுருளையும் இறக்கிவிட்டுப் போனது. மருமகள் மல்லிகாதான் அடுப்படியில் என் காதோடு சொன்னாள்.

"ஏனுங்கத்தை, திங்கக்கெழம ஆளுக வர்றாங்களாம். வேலியப் பிரிக்க."

அதோடு மகனுக்கும் எனக்கும் பேச்சு நின்றது. இருக்கிறது ஒரே வீடு, பேசாமல் முடியுமா? மல்லிகா வழியாகப் பேசினோம்.

"கொழம்புல உப்புப் பத்தலைன்னு உங்க ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லு."

"கொழம்பு வெச்சது நானுங்கத்தை."

"அப்போ உன்கிட்டச் சொல்லிக்க."

இப்படி இரண்டு நாள் ஓடியது. திங்கட்கிழமைக்கு முந்தின நாள், ரோட்டில் ஒரு ஜீப் கிறீச்சென்று நின்றது.

மாட்டுக்கு மலையின் பேர்

நான் களத்தில் காப்பிக் கொட்டையைத் துழாவிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தால் ஒரு ஆள் எங்கள் வேலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. கட்டையைத் திருட வந்தவன் என்றே நினைத்துக் கோலை எடுத்துக்கொண்டு ஓடினேன். கிட்டே போனால் பெண்பிள்ளை. அதுவும் வெள்ளைக்காரம்மா. அதுவும் அழுகிறாள்.

பின்னாலேயே சேகர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான்.

"அடிச்சுடாதீங்க பெரீம்மா! பாவம், திருட வந்தவங்க இல்லீங்க. ஓரம் போயிட்டிருந்தப்போ ஒரே கத்தா கத்துனாங்க. நான் காட்டெரும குறுக்க வந்துடுச்சுன்னு பிரேக் போட்டேன். பாத்தா கதவத் தொறந்துக்கிட்டு ஓடறாங்க. எனக்கே பயமாப் போச்சுங்க."

அப்படித்தான் அவளை வாசலுக்குக் கூட்டி வந்து, கட்டிலில் உட்கார வைத்து, காப்பி கொடுத்து, முதலில் சொன்ன அந்தக் கை ரகளை நடந்தது.

காப்பி உள்ளே போனதும் அவள் பேச ஆரம்பித்தாள். சேகர் தமிழில் சொன்னான். பேர் மார்த்தா. அமெரிக்காவில் ஒரு பட்டிக்காடு. சோளமும் மாடும்தான் பிழைப்பு, கல் நிறைந்த சரிவு நிலம். அவளுடைய தாத்தாவுக்கு ஒரு சித்தப்பா, எலியாஸ் என்று. அண்ணனுக்கு நிலம் போனதால் இளையவர் கப்பல் ஏறிவிட்டார். அவர் என்ன ஆனார் என்று தேடித்தான் வந்திருக்கிறாள். ஏற்காட்டில் வந்து இறங்கிய நாளிலிருந்து கல்லறைத் தோட்டங்களில் பாசியைச் சுரண்டிச் சுரண்டிப் பேர் படித்தாளாம். பெரிய பெரிய துரைமார் பேரெல்லாம் இருந்ததாம். எலியாஸ் இல்லை. ஏர் ஓட்டினவன் பேரை யார் கல்லில் வெட்டி வைக்கிறார்கள்? மறுநாள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். கடைசி நாளாச்சே, சும்மா சுற்றிக் காட்டலாம் என்று சேகர் இந்தப் பக்கம் ஜீப்பை விட்டிருக்கிறான்.

"இந்த வேலியப் பாத்ததும்தான் கத்துனாங்க. அவங்க ஊட்டுக் காட்டுல இதே வேலிதானாம். கண்ணு மூடினாலும் தெரியுமாம்."

"அது சரி. இந்த மலைக்குத்தான் வந்தாருன்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதாம்?" என்று கேட்டேன்.

சேகர் கேட்டான். அவள் சொன்னாள். அவன் சிரித்தான்.

"மாட்டு வழியாத் தெரியுமாம் பெரீம்மா."

எலியாஸ் மலை ஏறிய புதிதில் எப்படியோ ஒரு கப்பல்காரன் வாய்ச்செய்தியாக மலையின் பேர் மட்டும் அவருடைய அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஷெவராய், எங்கள் சேர்வராயன் மலைக்கு வெள்ளைக்காரர்கள் சொல்கிற பேர். அந்தம்மாவுக்கு அந்தப் பேர் மறந்துவிடுமோ என்று பயம். பிறந்திருந்த கன்றுக்குட்டிக்கு அதையே வைத்துவிட்டாள். அந்த மாடு போனதும் அடுத்த கன்றுக்கு. இன்றுவரை அவர்கள் தொழுவத்தில் ஒரு ஷெவராய் நிற்கிறதாம்.

எனக்குச் சுருக்கென்றது. "எங்க சேர்வராயன் சாமி பேரையா மாட்டுக்கு வெச்சிருக்காங்க?"

"உங்க ஊட்டு மாடு பேரென்னங்க பெரீம்மா?"

"லட்சுமி."

"அப்புறமென்ன" என்றான் சேகர்.

அங்கே மக்கிய கட்டை

பிறகு என் முறை. கஞ்சி ஊற்றியது, வேலி அடுக்கியது, ஒவ்வொன்றாகச் சொன்னேன். சேகர் சொல்லச் சொல்ல அவள் கட்டிலின் விளிம்புக்கு வந்துவிட்டாள். பொங்கலன்று இடது கையால் கட்டை வைப்பதைச் சொன்னதும் "நோ!" என்று தன் தொடையில் ஓங்கி அடித்தாள். அடித்ததும் இடது கைதான்.

"அவங்க ஊட்ல எல்லாரும் நொட்டாங்கைதானுங்களாம். அப்பா, தாத்தா, இவங்க, இவங்க பசங்க. வம்சமே அப்படியாம்."

அட சாமி! துரை சாங்கியம் எதுவும் செய்யவில்லை. அவருக்குக் கைவாகு அது. சோற்றையும் அந்தக் கையால்தான் தின்றிருப்பார். அதைப் போய் முறை என்று பிடித்துக்கொண்டு, எத்தனை வலது கைக்காரர்கள் எத்தனை பொங்கலுக்குக் கட்டையைக் காலில் போட்டுக்கொண்டார்கள்! என் வீட்டுக்காரரின் பெருவிரல் ஞாபகம் வந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மல்லிகா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சத்தத்தில்தான் கோவிந்தன் தோட்டத்திலிருந்து வந்து, என்ன ஏது என்று கேட்காமல் ஓரமாக நின்றான்.

சிரிப்பு அடங்கியதும் கடைசியாக அந்த வார்த்தையைச் சொன்னேன். இந்தக் கட்டை மக்குவதற்குள் வந்துவிடுகிறேன் என்று துரை சொல்லிப் போனதை. சேகர் அதை இங்கிலீஷில் சொன்னான்.

மார்த்தா டம்ளரைக் கீழே வைத்தாள். அப்புறம் மெதுவாகப் பேசினாள். சேகரின் குரலும் தானாக இறங்கிவிட்டது.

"ஊரை விட்டுக் கெளம்புறப்போ அவங்கம்மாகிட்டயும் இதேதான் சொன்னாராம் பெரீம்மா. அன்னிக்குக் காலையில ஒரு மேல்கட்டை வெச்சுட்டு, இது மக்குறதுக்குள்ள வந்துடுறேம்மான்னு. அந்தம்மா தெனமும் போய்க் கட்டையத் தொட்டுத் தொட்டுப் பாப்பாங்களாம். மக்கியே போச்சாம். அதுலருந்து அந்த ஊட்ல யாராச்சும் சொன்ன சொல்லக் காப்பாத்தலைன்னா, எலியாஸ் மாதிரின்னுதான் திட்டுவாங்களாம். பெத்தவள மறந்தவன்னு பேராகிப் போச்சாம். அவரு நெசமாவே அப்படித்தானான்னு பாக்கத்தான் இவங்க இவ்வளவு தூரம் வந்தாங்களாம்."

காப்பிக் களத்தில் மைனா ஒன்று கொட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தது.

"இங்க வெச்ச கட்டை ஒரு தடவையாச்சும் மக்கிப்போச்சுங்களான்னு கேக்கறாங்க."

"மக்க விட்டதில்லைன்னு சொல்லு கண்ணு. எங்க ஊட்டுக்காரர் தவறிப்போன வருசம் துக்கம்னு பொங்க வெக்கல. கட்டை மாத்தினோம்."

அவன் சொன்னான். மார்த்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இடது கையால்தான். நான் இழுத்துக்கொள்ளவில்லை. சேகரிடம் என் பேரைக் கேட்டுக்கொண்டு, "ராமாயி" என்றாள். என் மாமியார் போன பிறகு என்னை வெறும் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆள் இவள்தான்.

வாயைக் கொடுத்தது நான்

அப்போதுதான் கோவிந்தன் தொண்டையைக் கனைத்தான். இரண்டு நாளில் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

"அம்மா. அப்போ தொரை ஊட்லருந்து ஆள் வந்தாச்சு."

எனக்குத் திக்கென்றது.

"ஏனுங்க, இப்பவா இதெல்லாம்?" என்றாள் மல்லிகா.

"நான் ஒண்ணுஞ் சொல்லல. வந்தன்னிக்கே பிரிச்சுக்கன்னு அம்மாதான் சொன்னாங்க. இத்தன வருசமாச் சொன்னாங்க."

அந்த வீட்டார் சொல் தவறியதைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிவிட்டு, நான் என் சொல்லை மாற்றிப் பேச முடியுமா? அந்தப் பெருமை எனக்கு உண்டு. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"சொன்னேன். இல்லைங்கல. நாளைக்குப் பிரிச்சுக்க."

சொல்லிவிட்டு வேலிப் பக்கம் பார்க்காமல் மாட்டைப் பார்த்தேன். அவனும் மாட்டைத்தான் பார்த்தான். நான் சண்டை போடுவேன் என்று தயாராக வந்திருப்பான்.

என்ன நடக்கிறது என்று மார்த்தா சேகரைக் கேட்டாள். அவன் சொன்னான். அவள் குவிந்து கிடந்த கல்லுக்கால்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்து விறுவிறுவென்று ரோட்டோர மூலைக்கு நடந்தாள். நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம். மேல்கட்டையில் கையை வைத்துக்கொண்டு கோவிந்தனைப் பார்த்துப் பேசினாள். பேசினாள், பேசினாள், அவ்வளவு நேரம் பேசினாள்.

சேகர் திரும்பினான். "அண்ணா, புதுசா ஒரு கட்டை வேணுமாம். அவங்களே வெப்பாங்களாம். அது மக்குறதுக்குள்ள திரும்பி வந்துடுவாங்களாம்."

"அவ்வளவு நேரம் பேசுனாங்க. நீ இத்துனூண்டு சொல்ற?"

"மீதியெல்லாம் அழுவாச்சிண்ணா. அதுக்கு எந்த பாஷையா இருந்தா என்ன?"

கோவிந்தன் தலையைச் சொறிந்தான். புதுக் கட்டை ஒன்று வைத்துவிட்டால் வேலியைத் தொட முடியாது என்று அவனுக்குத் தெரியாதா? என்னைப் பார்த்தான். நான் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்தத் தொரை குடும்பத்துக்கு வேற பேச்சே தெரியாதா?" என்று முணுமுணுத்துக்கொண்டே கொட்டகைப் பக்கம் போனான்.

திரும்பி வந்தபோது அவன் தோளில் பலாக்கட்டை. எங்கள் மரம் காற்றில் சாய்ந்தபோது பிளந்து பத்திரமாக வைத்திருந்தது. வைரம் பாய்ந்து செம்மஞ்சளாக இருந்தது. வீட்டுக்கு நிலை செய்ய என்று யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த கட்டை. அதை அவனே தூக்கிக்கொண்டு வந்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தானே வேண்டும்?

"அது வேண்டாம் கோவிந்தா. சில்வர் ஓக் கட்டை கெடக்குதில்ல, அதைக் கொண்டா."

"அம்மா, அது ரெண்டு மழைக்குத் தாங்காது. இது நம்ம காலம் முடிஞ்சாலும் மக்காது."

"அதனாலதான் வேண்டாங்கறேன். இவங்க ஆளு ஒருத்தரு சொன்ன சொல்லுக்குத் தலைமொறை தலைமொறையாக் கட்டை மாத்திட்டிருக்கோம். எனக்கு அவ்வளவு நேரமில்ல. சில்வர் ஓக்கே கொண்டா. சேகரு, இந்தத் தடவ நாங்க மாத்த மாட்டோம், மக்கினா மக்கினதுதான்னு அந்தம்மாகிட்டக் கண்டிசனாச் சொல்லிப்போடு."

அவன் சொன்னதும் மார்த்தா சிரித்த சிரிப்பு பாப்பாத்தி தோட்டம் வரை கேட்டிருக்கும். கேட்டுத்தான் அவளும் வந்து எட்டிப் பார்த்தாள்.

மார்த்தா ஒரு முனையைப் பிடித்தாள். மறு முனையை நான் பிடித்தேன். பெண்பிள்ளைகள் அந்தக் கட்டையைத் தொட்டதே அதுதான் முதல் தடவை. அவள் இடது கையால் ஒரு திருப்பு, ஒரு தள்ளு. கட்டை போய் உட்கார்ந்தது. ஆடவில்லை, சறுக்கவில்லை, யார் காலிலும் விழவில்லை. வாழ வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், ஒரே தடவையில் உட்கார்ந்த கட்டை அதுதான்.

பாப்பாத்தியின் புதுக் கேள்வி

கல்லுக்காலில் இரண்டை வாசலில் நட்டு மல்லிகா துணி காயப்போடுகிறாள். மீதி அப்படியே கிடக்கிறது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கோவிந்தன் ஒரு பெருமூச்சு விடுவான். பேச்சு வார்த்தை எல்லாம் எப்போதோ சரியாகிவிட்டது. குழம்பில் உப்பு இல்லையென்றால் இப்போது நேராக மல்லிகாவிடமே சொல்லிவிடுகிறேன்.

கொஞ்ச நாள் முன்னால் சேகர் ஜீப்பை நிறுத்தி, போனில் ஒரு படம் காட்டினான். அவர்கள் தொழுவத்தில் பிறந்த புதுக் கன்று. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. மார்த்தா அதற்கு ராமாயி என்று பேர் வைத்திருக்கிறாளாம்.

பாப்பாத்திக்கு இது போதாதா? "ஏனுங்கக்கா, உங்க பேர மாட்டுக்கு வெச்சுட்டாங்களாமே?"

"ஆமா அம்மிணி. நொம்ப நல்ல சாதியாம். ஒதைக்காதாம்" என்றேன்.

மழை பிடித்துக்கொண்டது. நேற்று குடையை எடுத்துக்கொண்டு ரோட்டோர மூலைக்குப் போனேன். கட்டையை நகத்தால் கீறிப் பார்த்தேன். நடுவில் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது. நான் பிடித்த முனை மட்டும் லேசாக மக்கத் தொடங்கியிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் காப்பிக் கொட்டை கொஞ்சம் கூடுதலாக வறுத்து வைக்கும்படி மல்லிகாவிடம் சொல்லியிருக்கிறேன்.